கரடிக்குச் சோறு போட்டது யார்?

இன்னைக்கு எபிசோட் கரடிகளைப் பற்றியது. சரியாகச் சொன்னால், காட்டுக்குள் நடக்கப் போகிறவர்களுக்குக் கொடுக்கப்படும் கரடி அறிவுரைகளின் வரலாறு.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் தேசியப் பூங்கா என்று ஒன்று இருக்கு. அங்கே இன்று நீங்கள் ட்ரெக்கிங் போனால், பாதை தொடங்கும் இடத்திலேயே அறிவிப்புப் பலகை நிற்கும். கூட்டமாக நடங்கள், சத்தம் போட்டுக்கொண்டே நடங்கள், கரடிக்கும் உங்களுக்கும் நடுவில் குறைந்தது 100 கெஜம் இருக்கட்டும். அதாவது சுமார் 91 மீட்டர். ஸ்ப்ரேயைப் பைக்குள் வைக்காமல் இடுப்பில் மாட்டுங்கள். சமைக்கிற இடம் வேறு, தூங்குகிற இடம் வேறு. சாப்பாட்டை மட்டுமில்லை, டூத்பேஸ்ட்டைக்கூட டென்ட்டுக்குள் வைக்காதீர்கள்.

இதைப் படிக்கும்போது, காலம் காலமாகக் காட்டில் வாழ்ந்தவர்கள் சொல்லிவைத்த ஞானம் போலத் தோன்றும். ஆனால் இந்தப் பட்டியலில் பெரும்பகுதிக்கு வயது 60 வருஷம்கூட ஆகவில்லை. அதுக்கு முன்னாடி அமெரிக்கப் பூங்காக்களில் நடந்தது கிட்டத்தட்ட இதற்கு நேரெதிர். கரடிக்குச் சாப்பாடு போட்டார்கள். பெஞ்சு போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கதையைத்தான் இன்னைக்குச் சொல்லப்போறேன்.

ஓட்டலுக்குப் பின்னால் ஒரு ஷோ

யெல்லோஸ்டோன் 1872-ல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் முதல் தேசியப் பூங்கா. சுற்றுலாப் பயணிகள் வர ஆரம்பித்ததும் ஓட்டல்கள் வந்தன. ஓட்டல் வந்தால் சமையலறை, சமையலறை வந்தால் மிச்சம் மீதி. அந்தக் காலத்தில் அதை என்ன செய்வார்கள்? கட்டடத்துக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டுவார்கள்.

கரடிக்கு மூக்குதான் எல்லாமே. எங்கே சாப்பாடு இருக்கு என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால் மறக்காது. சாயங்காலமானால் குப்பைமேட்டுக்குக் கரடிகள் வர ஆரம்பித்தன. கரடி வருதுன்னு தெரிஞ்சதும் ஓட்டலில் தங்கியிருந்தவர்களும் வர ஆரம்பித்தார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் கரடி பார்க்கப் போவது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது.

கரடிக்குத் தீனி போடக்கூடாது என்ற விதி 1902-லேயே வந்துவிட்டது. ஆனால் அது காகிதத்தில் இருந்தது. 1915-ல் யெல்லோஸ்டோனுக்குள் கார்கள் அனுமதிக்கப்பட்டன. அதன்பிறகு கருங்கரடிகள் சாலையோரத்தில் நின்று பிச்சை கேட்கப் பழகின. கார் நிற்கும், கண்ணாடி இறங்கும், ரொட்டித் துண்டு வெளியே நீளும். அப்பா கேமரா பிடிப்பார், பிள்ளை பிஸ்கட் நீட்டும். அந்த மாதிரிப் படங்கள் அமெரிக்கக் குடும்ப ஆல்பங்களில் ஏராளம்.

பூங்கா நிர்வாகமும் சும்மா இல்லை. ஓல்ட் ஃபெய்த்ஃபுல் பகுதியில் தீனி போடுவதற்கென்றே ஒரு இடம் இருந்தது. அங்கே 'கரடிகளுக்கு மட்டும் மதியச் சாப்பாடு' என்ற பொருளில் ஒரு பலகைகூட வைத்திருந்தார்கள். 1931-ல் ஆட்டர் க்ரீக் என்ற இடத்தில் இன்னும் பெரிய ஏற்பாடு வந்தது. வரிசையாக பெஞ்சுகள், நடுவில் வேலி, அந்தப் பக்கம் சமையலறைக் கழிவு. சாயங்காலம் கிரிஸ்லி கரடிகள் வரும். பக்கத்திலேயே துப்பாக்கியோடு ரேஞ்சர் நிற்பார். இன்னொரு ரேஞ்சர் கரடியின் வாழ்க்கையைப் பற்றிப் பாடம் எடுப்பார். ஒரு பக்கம் இயற்கைக் கல்வி, மறுபக்கம் எச்சில் இலை. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க அந்தக் காட்சியை.

ஏன் இப்படிச் செய்தார்கள்? தேசியப் பூங்காச் சேவை என்ற அமைப்பு 1916-ல்தான் உருவானது. பூங்காக்கள் வேண்டும் என்று மக்கள் நினைக்க வேண்டும், அதற்கு மக்கள் வர வேண்டும், வந்தவர்கள் சந்தோஷமாகத் திரும்ப வேண்டும். கரடி அதற்கு நல்ல விளம்பரம். பல மணி நேரம் காட்டில் காத்திருந்தாலும் கண்ணில் படாத விலங்கை, மாலை நேரக் காட்சி மாதிரி நேரம் தவறாமல் காட்ட முடிந்தது.

விலை என்ன? பூங்காவின் சொந்தக் கணக்குப்படி, 1931 முதல் 1969 வரை யெல்லோஸ்டோனில் சராசரியாக வருஷத்துக்கு 48 பேர் கரடிகளால் காயம்பட்டார்கள். கார், டென்ட் மாதிரி பொருள் சேதம் வருஷத்துக்கு 100-க்கு மேல். பெரும்பாலும் சாலையோரக் கருங்கரடிகள் செய்த சின்னக் காயங்கள்தான்: கையில் கடி, நகக் கீறல். அதனால் யாரும் அதைப் பெரிய பிரச்சினையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆட்டர் க்ரீக் ஷோ 1941-ல் முடிவுக்கு வந்தது. ஆனால் குப்பைமேடுகள் அப்படியே தொடர்ந்தன. பார்வையாளர்களுக்கான பெஞ்சு போய்விட்டது, கரடிக்கான பந்தி அப்படியே இருந்தது. 1958-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு கார்ட்டூன் கரடி அறிமுகமானது. நம்மில் நிறைய பேர் சின்ன வயசில் பார்த்திருப்போம்: யோகி பேர். ஜெல்லிஸ்டோன் பூங்காவில் டூரிஸ்டுகளின் பிக்னிக் கூடையைத் திருடுவதுதான் அதன் முழுநேர வேலை. அந்தக் காலத்து அமெரிக்கர்களுக்கு அது கற்பனையே இல்லை. போன லீவில் நேரில் பார்த்த விஷயம்.

1967 ஆகஸ்ட் 13

இப்போ மறுபடி கிளேசியருக்கு வருவோம். கிளேசியர் பூங்கா 1910-ல் உருவானது. அதன்பிறகு 57 வருஷம், அங்கே ஒரு கிரிஸ்லிகூட ஒரு மனிதரைக் கொன்றதில்லை.

கிரானைட் பார்க் சாலே என்று ஒரு கல் கட்டட விடுதி அங்கே இருக்கு. 1910-களில் ரயில்வே கம்பெனி கட்டியது. அதுக்குச் சாலை கிடையாது, நடந்தோ குதிரையிலோதான் போகணும். கூட்டம் கூடிப்போனதால் குப்பையை எரிக்கும் அடுப்பு போதவில்லை. மிச்சச் சாப்பாட்டைக் கட்டடத்துக்குப் பின்னால் கொட்டினார்கள். இரவானால் கிரிஸ்லிகள் வந்தன. விருந்தினர்கள் பார்த்து ரசித்தார்கள். பூங்கா ஊழியர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. யெல்லோஸ்டோனில் அரசாங்கம் நிறுத்திய ஷோ, இங்கே சின்ன அளவில் நடந்துகொண்டிருந்தது.

மலைகளைத் தாண்டி இன்னொரு பள்ளத்தாக்கில் ட்ரௌட் லேக் என்ற ஏரி. அந்தக் கோடை முழுக்க அங்கே ஒரு மெலிந்த கிரிஸ்லி சுற்றிக்கொண்டிருந்தது. குப்பைத் தொட்டியைக் கிளறியது. முகாம்களுக்குள் புகுந்தது. ஆட்களைத் துரத்தி அவர்கள் விட்டுப்போன பைகளைத் தின்றது. புகார்கள் போயின. அந்த வருஷம் நல்ல வறட்சி, மின்னல் விழுந்து காட்டில் பல இடங்களில் தீ. ஊழியர்கள் எல்லாரும் தீயணைப்பில் இருந்தார்கள்.

ஆகஸ்ட் 12 இரவு. கிரானைட் பார்க் விடுதிக்குக் கொஞ்சம் கீழே இருந்த முகாமில், திறந்தவெளியில், ஓர் இளைஞரும் ஓர் இளம்பெண்ணும் ஸ்லீப்பிங் பேக்கில் தூங்கினார்கள். இரண்டு பேரும் கோடைக்கால வேலைக்காக அந்தப் பக்கம் வந்திருந்தவர்கள். அந்தப் பெண்ணுக்கு வயது 19. நள்ளிரவு தாண்டியதும் கிரிஸ்லி வந்தது. இளைஞர் பலத்த காயத்தோடு பிழைத்தார். அந்தப் பெண்ணைக் கரடி இருட்டுக்குள் இழுத்துப்போனது. விடுதியில் இருந்தவர்கள் தேடிக் கண்டுபிடித்தபோது அவருக்கு உயிர் இருந்தது. விருந்தினர்களில் மருத்துவரும் இருந்தார். ஆனால் விடிவதற்குள் அவர் இறந்துவிட்டார்.

அதே விடியற்காலை, ட்ரௌட் லேக் கரையில் ஐந்து இளைஞர்கள் நெருப்பைச் சுற்றிப் படுத்திருந்தார்கள். முந்தின சாயங்காலமே கரடி வந்து அவர்களுடைய சாப்பாட்டைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அதனால் இடம் மாறிப் படுத்திருந்தார்கள். கரடி மறுபடி வந்தது. நான்கு பேர் மரம் ஏறித் தப்பினார்கள். ஐந்தாவது ஆள் ஒரு பெண். அவருக்கும் வயது 19, அவரும் பூங்காவில் கோடைக்கால வேலைக்கு வந்தவர். ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பைத் திறந்து அவரால் வெளியே வர முடியவில்லை.

57 வருஷத்தில் முதல் இரண்டு மரணங்கள், சில மணி நேர இடைவெளியில், வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு கரடிகளால். அடுத்த சில நாட்களில் ரேஞ்சர்கள் அந்த இரண்டு இடங்களிலும் கரடிகளைச் சுட்டுக் கொன்றார்கள். ட்ரௌட் லேக் கரடியின் கடைவாய்ப் பற்களில் கண்ணாடித் துண்டுகள் குத்தியிருந்தன. குப்பையில் தின்று வளர்ந்த கரடி அது.

பழி யார்மேல்?

இவ்வளவு பெரிய தற்செயல் நடந்தால் மக்கள் காரணம் தேடுவார்கள் இல்லையா? தேடினார்கள். மின்னல் கரடியை வெறிபிடிக்க வைத்தது என்றார்கள். வறட்சி என்றார்கள். பெண்களின் மேக்கப் வாசனை என்றார்கள். இறந்தவர்கள் இருவரும் பெண்கள் என்பதால் மாதவிடாய் என்றார்கள்.

இந்தக் கடைசிக் காரணம்தான் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டது. மாதவிடாய் நாட்களில் பெண்கள் கரடிக் காட்டுக்குப் போக வேண்டாம் என்று அரசாங்கத் துண்டறிக்கைகளிலேயே வந்தது. பின்னால் விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 1991-ல் லின் ராஜர்ஸும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், காட்டுக் கருங்கரடிகள் அந்த வாசனையைக் கண்டுகொள்ளவே இல்லை. கிரிஸ்லி தாக்குதல்களின் பதிவுகளிலும் அப்படி ஒரு தொடர்பு கிடைக்கவில்லை. ஆனாலும் இன்றைக்கும் ட்ரெக்கிங் குரூப்களில் யாராவது ஒருத்தர் இதைச் சொல்லிக்கொண்டுதான் இருக்காங்க.

எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் வந்தது. விடுதிக்குப் பின்னால் தினமும் சாப்பாடு கொட்டப்பட்டது. கரடி தினமும் வந்தது. அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்படியிருந்தும், செத்துப்போன பெண்களின் உடம்பில் போய்க் காரணம் தேடினார்கள். கண்ணுக்கு எதிரே இருக்கிற காரணம் நம்முடையதாக இருந்தால், அதைப் பார்க்காமல் இருப்பதில் நமக்கு ஒரு தனித் திறமை உண்டு.

பந்தி நிறுத்தம்

பூங்கா நிர்வாகங்கள் கடைசியில் சரியான காரணத்தைப் பிடித்தன. கிளேசியரில் குப்பை கொட்டுவது நிறுத்தப்பட்டது. மலைக்குள் எதைக் கொண்டுபோனாலும் திரும்ப எடுத்துவர வேண்டும் என்ற விதி வந்தது. முகாம்களில் சாப்பாட்டுப் பையை உயரத்தில் கட்டித் தொங்கவிடக் கம்பிகள் வந்தன. சமைக்கிற இடமும் தூங்குகிற இடமும் பிரிக்கப்பட்டன. கரடி நடமாட்டம் அதிகமானால் பாதையையே மூடும் பழக்கம் வந்தது. இன்று அறிவிப்புப் பலகையில் நாம் படிக்கிறது இதைத்தான்.

யெல்லோஸ்டோனில் கதை இன்னும் சிக்கலானது. அங்கே ஃபிராங்க் க்ரெய்க்ஹெட், ஜான் க்ரெய்க்ஹெட் என்று இரட்டைச் சகோதரர்கள். 1959-ல் இருந்து கிரிஸ்லிகளை ஆய்வு செய்துகொண்டிருந்தார்கள். கரடியின் கழுத்தில் ரேடியோ பட்டை மாட்டிப் பின்தொடரும் முறையை 1960-களின் தொடக்கத்தில் கொண்டுவந்தவர்கள் அவர்கள். குப்பைமேடுகளை மூடுங்கள், ஆனால் மெதுவாக மூடுங்கள் என்று அவர்கள் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாகக் குப்பையில் தின்று பழகிய கரடி, திடீரென்று சாப்பாடு நின்றால் என்ன செய்யும்? முகாம்களுக்கும் ஊர்களுக்கும் வரும். வந்தால் சுடப்படும்.

பூங்கா நிர்வாகம் அதை ஏற்கவில்லை. இழுக்க இழுக்க இன்னொரு தலைமுறைக் குட்டிகள் குப்பைக்குப் பழகும், உடனே நிறுத்துவதுதான் சரி என்பது அவர்கள் வாதம். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. 1970-ல் புதிய கரடித் திட்டம் வந்தது. குப்பைமேடுகள் மூடப்பட்டன, கரடி திறக்க முடியாத குப்பைத் தொட்டிகள் வந்தன, தீனி போடத் தடை உண்மையாகவே அமலானது. அடுத்த வருஷமே க்ரெய்க்ஹெட் சகோதரர்களின் ஆய்வும் அங்கே முடிவுக்கு வந்தது.

அவர்கள் பயந்தது நடந்தது. அந்தச் சில வருஷங்களில் யெல்லோஸ்டோனிலும் சுற்றுவட்டாரத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட கிரிஸ்லிகள் இறந்தன. 1975-ல், அலாஸ்கா தவிர்த்த அமெரிக்கப் பகுதியில் கிரிஸ்லி அழிவின் விளிம்பை நோக்கிப் போகும் இனமாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது. அப்போது யெல்லோஸ்டோன் வட்டாரத்தில் மிஞ்சியவை 136 என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது.

பூங்கா எதிர்பார்த்ததும் நடந்தது. வருஷத்துக்கு 48 என்று இருந்த காயங்கள், பின்வந்த பத்தாண்டுகளில் சராசரியாக வருஷத்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்தன. கிரிஸ்லிகள் மறுபடி வேரையும் பைன் கொட்டைகளையும் அந்துப்பூச்சிகளையும் மான் குட்டிகளையும் தின்னப் பழகின. இப்போது அந்த வட்டாரத்தில் சுமார் ஆயிரம் கிரிஸ்லிகள் இருக்கின்றன. கரடி கூடியிருக்கு, டூரிஸ்ட் கூட்டம் பல மடங்கு கூடியிருக்கு, காயம் குறைஞ்சிருக்கு. நடுவில் மாறியது சாப்பாடு மட்டும்தான்.

சாப்பாட்டுக்கு ஏன் இவ்வளவு சக்தி? கிரிஸ்லிக் குட்டி அம்மாவோடு இரண்டு மூன்று வருஷம் இருக்கும். எங்கே என்ன கிடைக்கும் என்று அம்மா காட்டுவதுதான் அதற்குப் பள்ளிக்கூடம். அம்மா குப்பைத் தொட்டியைக் காட்டினால் குட்டிக்கும் அதுதான் பாடம். குளிர்காலத் தூக்கத்துக்கு முன்னால் ஒரு கரடிக்கு ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தேவைப்படலாம். நம்முடைய ஒரு சாக்லேட் பாக்கெட், காட்டில் பல மணி நேரம் தோண்டிக் கிடைப்பதற்குச் சமம். சோறு கிடைக்கும்போது மனிதவாடை மேலிருந்த பயமும் போய்விடுகிறது. அந்தப் பயம்தான் இத்தனை நாள் இரண்டு பேரையும் காப்பாற்றிக்கொண்டிருந்த வேலி.

கலிஃபோர்னியாவில் யோசெமிட்டி பூங்கா இதே பாடத்தை இன்னும் தாமதமாகப் படித்தது. 1998-ல் மட்டும் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களைக் கருங்கரடிகள் உடைத்துத் திறந்தன. அதன்பிறகு இரும்புப் பெட்டிகள், கடுமையான விதிகள். கரடி திறக்க முடியாத, ஆனால் மனிதன் திறக்கக்கூடிய பெட்டி செய்வது ஏன் கஷ்டம் என்று அங்கே ரேஞ்சர்கள் மத்தியில் ஒரு பழைய ஜோக் உண்டு: ரொம்பப் புத்திசாலிக் கரடிக்கும் ரொம்ப முட்டாள் டூரிஸ்ட்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இல்லையாம்.

நேருக்கு நேர் வந்தால்

சரி, சாப்பாட்டைப் பூட்டியாச்சு. ஆனாலும் பாதை வளைவில் கரடி எதிரே வந்துவிட்டது. இப்போ என்ன செய்வது? இதுக்கும் பதில் சொல்ல ஒருத்தர் உட்கார்ந்து கணக்கெடுக்க வேண்டியிருந்தது. அவர் கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீஃபன் ஹெரேரோ. கிரிஸ்லிகளால் மனிதர்களுக்கு ஏற்பட்ட காயங்களைப் பற்றி 1970-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார். 1985-ல் கரடித் தாக்குதல்களைப் பற்றி முழுப் புத்தகம் வெளியிட்டார். இன்று ரேஞ்சர்கள் சொல்லிக்கொடுக்கும் விஷயங்களில் பெரும்பகுதி அந்த வேலையிலிருந்து வந்தது.

அவர் கேட்ட அடிப்படைக் கேள்வி இதுதான்: கரடி ஏன் தாக்கியது? பயந்து தாக்கியதா, இரை தேடித் தாக்கியதா? இரண்டுக்கும் நாம் செய்ய வேண்டியது வேறு வேறு.

கிரிஸ்லி பெரும்பாலும் திடுக்கிட்டால்தான் தாக்கும். குட்டி பக்கத்தில் இருக்கும், அல்லது செத்த மான் ஒன்றைக் காவல் காத்துக்கொண்டிருக்கும், அந்த நேரத்தில் நீங்கள் பத்தடி தூரத்தில் முளைப்பீர்கள். அதனால்தான் பேசிக்கொண்டே, கைதட்டிக்கொண்டே நடக்கச் சொல்றாங்க. சின்ன மணி கட்டிக்கொண்டு போவதில் பலன் இல்லை, சத்தம் போதாது. மனிதக் குரல்தான் நல்லது. பார்த்துவிட்டால் ஓடக்கூடாது. கரடி மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும், ஒலிம்பிக் வீரராலும் முடியாது. மெதுவாகப் பேசியபடி பின்வாங்க வேண்டும். அப்படியும் கிரிஸ்லி மேலே பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, முதுகுப்பையைக் கழற்றாமல், இரண்டு கையாலும் பின்கழுத்தைப் பொத்திக்கொண்டு, கால்களை அகட்டி அசையாமல் கிடக்க வேண்டும். ஆபத்து நீங்கிவிட்டது என்று கரடி நினைக்க வேண்டும், அவ்வளவுதான்.

கருங்கரடி விஷயம் வேறு. அது சாதாரணமாக ஓடிவிடும், மரமேறிவிடும். ஆனால் அரிதாகக் கொன்றபோது? ஹெரேரோவும் சகாக்களும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கு. 1900 முதல் 2009 வரை அமெரிக்காவிலும் கனடாவிலும் கருங்கரடிகளால் இறந்தவர்கள் குறைந்தது 63 பேர். காரணத்தைக் கணிக்க முடிந்த சம்பவங்களில் 88 சதவீதத்தில் கரடி இரை தேடும் விலங்கைப் போல நடந்துகொண்டது. அவற்றில் பெரும்பாலானவை ஆண் கரடிகள். குட்டியோடு இருக்கும் தாய்தான் ஆபத்து என்ற நம்பிக்கை கருங்கரடி விஷயத்தில் அப்படியே பொருந்தவில்லை. அங்கே செத்த மாதிரி நடித்தால் கரடிக்கு வேலை சுலபம். கையில் கிடைத்ததை எடுத்துச் சண்டை போட வேண்டும். இரவில் டென்ட்டுக்குள் வரும் எந்தக் கரடிக்கும் இதே விதிதான்.

நிறத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கருங்கரடி பழுப்பு நிறத்திலும் இருக்கும். கிரிஸ்லிக்குத் தோளில் திமில் மாதிரி மேடு இருக்கும், முன்னங்கால் நகங்கள் நீளமாக இருக்கும்.

இனி ஸ்ப்ரே. 1980-களில் மொன்டானாவில் உருவானது. உள்ளே இருக்கும் முக்கியமான சரக்கு நமக்கு நல்லாத் தெரிஞ்சது: மிளகாய்க் காரம், கேப்சைசின். டாம் ஸ்மித், ஹெரேரோ உள்ளிட்டோர் அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை நடந்த 83 சம்பவங்களை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். பழுப்புக் கரடிகளுக்கு எதிராகப் பயன்படுத்தியபோது 92 சதவீதம், கருங்கரடிக்கு 90 சதவீதம் பலன். துப்பாக்கி பற்றியும் அதே குழு 2012-ல் பார்த்தது. துப்பாக்கி வைத்திருந்தவர்களில், சுட்டவர்களுக்கும் சுடாதவர்களுக்கும் காயம்படுவதில் பெரிய வித்தியாசம் இல்லை. பாய்ந்து வரும் கரடியைக் குறிபார்த்துச் சுட நேரமில்லை. காரப் புகையைக் குறுக்கே பரப்ப நேரமிருக்கு.

ஆனால் ஒரு எச்சரிக்கை. கொசு மருந்து மாதிரி டென்ட் மேல் அடித்துவிடக் கூடாது. தரையில் படிந்த ஸ்ப்ரேயின் வாசனை பிடித்துப்போய்க் கரடிகள் வந்து அதில் புரண்டதை ஸ்மித்தே பதிவு செய்திருக்கிறார். முகத்தில் அடித்தால் ஆயுதம், தரையில் கொட்டினால் மசாலா.

நம்ம ஊர்க் கரடி

இந்த அமெரிக்க விதிகளை அப்படியே நம்ம மலைகளுக்குத் தூக்கிவர முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது வேறு இனம். ஆங்கிலத்தில் ஸ்லாத் பேர். கறையானும் எறும்பும் பழமும் தேனும் தின்னும். புற்றைத் தோண்டும்போது அதுக்குச் சுற்றி நடக்கிறது தெரியாது. பக்கத்தில் போய் நின்றுவிட்டால் திடுக்கிட்டுத் தாக்கும், முகத்தையும் தலையையும் குறிவைக்கும். அதனால் பேசிக்கொண்டே கூட்டமாக நடப்பதும், விடியற்காலை, அந்தி, இரவு நேரங்களைத் தவிர்ப்பதும், காதில் இயர்போன் மாட்டாமல் இருப்பதும் இங்கேயும் செல்லும். தமிழ்நாடு வனத்துறை 2024-ல் 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. அதில் வழிகாட்டியோடுதான் போக முடியும். அந்த வழிகாட்டி பேசச் சொன்னால் பேசுங்க, நிற்கச் சொன்னால் நில்லுங்க.

சாப்பாட்டுப் பாடமும் இங்கே செல்லும். நீலகிரியில் கரடி கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்தது, கடைக்குள் புகுந்து தின்பண்டத்தைச் சாப்பிட்டது என்று செய்திகள் வந்துகொண்டே இருக்கு. குன்னூர், கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்புகளில் அது புதுசு இல்லை. அந்த சிசிடிவி வீடியோவை நாம எல்லாரும் சிரிச்சுக்கிட்டே ஃபார்வர்டு பண்ணியிருக்கோம். ஆட்டர் க்ரீக் பெஞ்சில் உட்கார்ந்தவர்களும் சிரிச்சுக்கிட்டேதான் பார்த்தாங்க. மறுநாள் காலை இலை பறிக்க அந்தத் தோட்டத்துக்குள் இறங்குகிறவர்கள் நாம இல்லை.

அதனால் அடுத்த தடவை மலைக்குப் போகும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்க. சிப்ஸ் பாக்கெட், பழத்தோல், பிரியாணிப் பொட்டலம் எல்லாவற்றையும் போட்டுத் திரும்பக் கொண்டுவர ஒரு கெட்டியான பை எடுத்துக்கோங்க. வியூ பாயின்ட்டில் இருக்கிற திறந்த குப்பைத்தொட்டியில் போடாதீங்க. கீழே ஊருக்கு வந்து போடுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும், சத்தமாப் பேசிக்கிட்டே நடங்க.